அவள் எப்போது திரும்ப ஆடலாம்?

ரக்பி என்றதும் சிங்கப்பூரில் பல பேருக்கு நினைவுக்கு வருவது காலாங் தேசிய விளையாட்டரங்கில் நடக்கும் செவன்ஸ்தான், ஒரு பக்கம் ஏழு பேர் மட்டும் ஆடும் வகை. விதவிதமாக வேடம் போட்டுக்கொண்டு கூட்டமாகப் போய், பாதி ஆட்டமும் பாதி அரட்டையுமாக ஒரு சனி ஞாயிறைக் கழித்துவிட்டு வருவோமே, அதுதான். நான் எழுத நினைப்பது இன்னொரு ரக்பியைப் பற்றி. ரக்பி லீக். அதிலும் ஆஸ்திரேலியாவில் அந்த ஆட்டத்தையே தொழிலாக வைத்திருக்கும் பெண்களைப் பற்றி. எங்கள் வீட்டில் இவர்களைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது, ஆனால் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. சரி, நானே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஆட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை. யூனியனில் ஒரு பக்கம் 15 பேர், லீகில் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் வாய்ப்பு. ஒவ்வொரு முறை பிடித்து விழுத்தப்பட்டதும் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டிவிட வேண்டும், பின்னால் நிற்பவர் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். ஆறாவது முறையும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், அதனால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் தூர உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 4 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. யூனியன் பார்த்துக் குழம்பிப்போனவர்கள்கூட லீகைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஆள் மேல் ஆள் குவிந்து கிடக்க, பந்து எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இதில் இல்லை.

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், பள்ளியில் பாடத்துக்கு வெளியே அவள் எடுத்திருக்கும் நடவடிக்கை, அதாவது சிசிஏ, டச் ரக்பி. முதல் தடவை லீக் பார்த்தபோது, "இது எங்க ஆட்டம்தானே மா, நாங்க தொடுறோம், இவங்க விழுத்துறாங்க, அவ்வளவுதான்" என்றாள். அவள் சொன்னது வரலாற்றின்படியும் சரி. டச் ஆட்டமே 1960களில் சிட்னியின் தெற்குப் பகுதியில் லீக் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்காக ஆடியதிலிருந்து கிளம்பியதுதான். அங்கே ஆறு டேக்கிள், இங்கே ஆறு தொடுதல். பந்தைப் பின்னால் உருட்டிவிடுவது, அதை எடுத்துப் போடுபவரை 'ஹாஃப்' என்று கூப்பிடுவது, எல்லாம் லீகிலிருந்து வந்தவை. பாடாங்கிலும் பள்ளித் திடல்களிலும் மாலை வேளையில் நம் பெண்பிள்ளைகள் மின்னல் எச்சரிக்கை ஒலிக்கும் வரை ஆடிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் தெரியாமலேயே பாதி லீக் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் டச்சில் வளர்ந்து பிறகு பெரிய ஆட்டத்துக்குப் போன பெண்கள் நிறைய. ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய சார்லட் காஸ்லிக் அப்படி வந்தவர்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால்தான் என் அன்றாட வேலை. ஏசிஎல் என்று சொல்கிறோமே, முழங்காலுக்குள் குறுக்காக ஓடி எலும்புகளை விலகாமல் பிடித்து வைக்கும் அந்த நார், அது கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்து வரும் பதின்ம வயதுப் பிள்ளைகள் என்னிடம் நிறைய வருகிறார்கள். கால்பந்து, நெட்பால், ஃபுளோர்பால், டச் என்று எல்லாம் உண்டு. பையனைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மா உட்கார்ந்ததும் கேட்பது, "எப்போ திரும்ப விளையாடலாம்?" பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் கேட்பது, "தழும்பு தெரியுமா?" அதற்கடுத்து, பிள்ளை பாத்ரூம் போகும் நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "இனிமே இதெல்லாம் வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க மிஸ், நாங்க சொன்னா கேக்க மாட்டா." எல்லாரும் அப்படி இல்லை. மகளுக்காக என்னோடு வாரா வாரம் வாதாடும் அப்பாக்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் விளையாட்டைத் தொழிலாகச் செய்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்பதை நான் புரிந்துகொண்டது இந்த இடத்திலிருந்துதான். ஒப்பந்தம் என்பது சம்பளம் மட்டும் இல்லை. இவள் எப்போது திரும்ப ஆடலாம் என்று கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் நாலு பேர் அவளைச் சுற்றி இருப்பது. மருத்துவர், பயிற்சியாளர், என்னைப் போல ஒரு பிசியோ, கிளப் நிர்வாகி. அவர்கள் கேட்கிறார்கள், அதனால் அவளும் அந்தக் கேள்வியைத் தனக்குள் வைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கு எழுந்து முழங்காலை மடக்கி நீட்டுகிறாள்.

ஆலி பிரிகின்ஷாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இப்ஸ்விச் ஊர்க்காரர், 1989ல் பிறந்தவர், அப்பாவும் லீக் ஆடியவர். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் பெண்பிள்ளைகள் 12 வயது வரை பையன்களோடு சேர்ந்து ஆடலாம், அதற்கு மேல் கூடாது. பெண்களுக்கென்று தனியாகச் சிறுவயது அணிகளும் பெரும்பாலான ஊர்களில் இல்லை. எனவே 12 வயதில் அணியிலேயே சிறப்பாக ஆடுகிறவளாக இருந்தாலும் அடுத்த வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான், இல்லையென்றால் நெட்பாலுக்கோ டச்சுக்கோ போக வேண்டும். ஒரு தலைமுறையே இப்படிப் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறது. 12லிருந்து 17, 18 வரை என்பது உடம்பு ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும் வயது. விழுவது எப்படி, தோளை எங்கே வைப்பது, தலையை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்பதெல்லாம் அப்போது படிந்தால்தான் படியும். அந்த ஆண்டுகளைப் பறித்துவிட்டு, அப்புறம் "பெண்கள் டேக்கிள் அவ்வளவு நேர்த்தியாக இல்லையே" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இத்தனைக்கும் பெண்கள் இந்த ஆட்டத்துக்குப் புதியவர்கள் இல்லை. 1921 செப்டம்பரில் சிட்னியில் இரண்டு பெண்கள் அணிகள் மோதியதைப் பார்க்க 20,000 பேருக்கு மேல் திரண்டார்கள். மேகி மலோனி என்ற பெண் அந்த ஆட்டத்தில் நான்கு ட்ரை போட்டார். பார்வையாளர்கள் வந்தார்கள், ஆடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் லீக் நிர்வாகம் கைகொடுக்கவில்லை, முயற்சி அப்படியே அடங்கிப்போனது. ஆஸ்திரேலியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்டை ஆடியது 1995ல்! நடுவே போன 74 ஆண்டுகளில் எத்தனை மேகி மலோனிகள் இருந்திருப்பார்கள்.

ஆலி 2009ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆட வந்தார். அந்த அணிக்கு ஜில்லரூஸ் என்று பெயர். அப்போது உலகக் கோப்பை என்றாலே நியூசிலாந்துதான்: 2000, 2003, 2008 மூன்றும் அவர்களுடையவை. 2013ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 22-12 என்று ஆஸ்திரேலியா முதன்முதலில் வென்றது, 2017ல் பிரிஸ்பனில் 23-16, கொரோனாவால் தள்ளிப்போய் 2022ல் நடந்த போட்டியில் ஓல்டு டிராஃபோர்டில் 54-4. மூன்றிலும் ஆலி இருந்தார். ஆனால் அவர் ஆட வந்த நாட்களில் நாட்டுக்காக ஆடுவதற்கே பெண்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக்கொண்டு, ஊரில் நிதி திரட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்திரேலியா மாதிரி ஒரு நாட்டில், தேசிய அணிக்கு!

அவருடைய சமகாலத்தவர் கெசி ஆப்ஸ். நியூ சவுத் வேல்ஸின் தென்கோடியில் பேகா என்ற ஊர், நம்மில் சிலர் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்திருக்கக்கூடிய பேகா சீஸ் அங்கிருந்து வருவதுதான். பெரியவளான பிறகு மறுபடி லீக் ஆட வேண்டும் என்று தோன்றியபோது அவருக்குச் சரியான அணி கிடைத்தது வொலொங்காங்குக்கும் சிட்னிக்கும் நடுவில் உள்ள ஹெலன்ஸ்பர்கில். பேகாவிலிருந்து அங்கே போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். நாம் உட்லண்ட்ஸ் தாண்டிக் கோலாலம்பூர் வரை போகிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தூரம். ஒரு வார இறுதி ஆட்டத்துக்காக அவ்வளவு தூரம் போய், டேக்கிள் எல்லாம் வாங்கிக்கொண்டு, அதே காரில் திரும்ப வர வேண்டும். இதற்கு யாரும் ஒரு காசு கொடுக்கவில்லை. 2016ல் ஆண்டின் சிறந்த பெண் ஆட்டக்காரர் என்ற டாலி எம் விருது அவருக்குக் கிடைத்தது, பிறகு மாநில அணிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தலைமை தாங்கினார். முழங்காலும் இடுப்பும் மடங்கிய நிலையில் ஐந்து மணி நேரம் காரில் உட்காருவது, அதுவும் ஆட்டம் முடிந்த கையோடு, உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். என் நோயாளி யாராவது அப்படிச் செய்கிறேன் என்றால் நான் தலையில் கை வைத்துக்கொள்வேன்.

ருவான் சிம்ஸ் குடும்பத்தை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கும். ருவான் ஜில்லரூஸ் அணித்தலைவி. அவருடைய தம்பிகள் ஆஷ்டன், டாரிக், கோர்பின் மூவரும் ஆண்கள் லீகில் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே திடல். தம்பிகளுக்கு ஆட்டமே வேலை. அக்கா தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இப்படி ஒரு கோடு போடப்படுவதை எந்த மேடைப் பேச்சையும்விட இந்த ஒரு குடும்பம் தெளிவாகக் காட்டுகிறது.

2018ல்தான் என்.ஆர்.எல்.டபிள்யூ. என்ற பெண்களுக்கான தேசியப் போட்டி தொடங்கியது. பிரிஸ்பன் பிரான்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ் என்று நான்கே அணிகள், ஆளுக்கு மூன்று சுற்று ஆட்டம், அப்புறம் இறுதியாட்டம். ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வென்றது ஆலியின் அணியான பிரான்கோஸ். 2019, 2020 இரண்டிலும் அவர்களே. அப்போதும் இது வாழ்க்கை நடத்தப் போதுமான தொழில் இல்லை, வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஆடிவிட்டுப் போவதுதான். ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு மட்டும் என்பதால் அணிகள் வருடா வருடம் கலைந்து சேர்ந்தன. நியூகாசில் நைட்ஸ் தன் முதல் சீசனில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை, அடுத்த சீசனில் மில்லி பாயிலும் டமிக்கா அப்டனும் பிரிஸ்பனிலிருந்து வந்து சேர, 2022 கோப்பையே அவர்களுக்கு. பார்க்கிறவர்களுக்கு இது சுவாரஸ்யம். வீடு மாற்றி வேலை மாற்றித் திரிந்த ஆட்டக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

2023தான் திருப்பம். அந்த வருடம் அணிகள் பத்தாயின, பல ஆண்டு ஒப்பந்தம் முதல் முறையாக அனுமதிக்கப்பட்டது. சம்பளமும் உரிமைகளும் எழுத்தில் வர வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் சங்கம் நீண்ட நாள் மல்லுக்கட்டியது. ஆட்ட நாட்களில் பேட்டி கொடுக்க மறுத்தார்கள், சட்டையில் இருந்த லீக் சின்னத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆகஸ்டில் உடன்பாடு வந்தபோது, பெண்களையும் சேர்த்து எழுதப்பட்ட முதல் கூட்டு ஒப்பந்தம் அது. குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 30,000 ஆஸ்திரேலிய வெள்ளி, 2027க்குள் 50,600. ஓர் அணியின் 24 பேருக்கும் சேர்த்து உச்சவரம்பு 900,000. மகப்பேறு, பெற்றோர் விடுப்பு பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. குழந்தை பெற்றுக்கொண்டால் இடம் போய்விடுமோ என்று பயந்துகொண்டு ஆட வேண்டியதில்லை என்பதை நான் சம்பளத்தைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, 30,000 என்பது நம் கணக்கில் எவ்வளவு? 2023 மாற்று விகிதத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 2,200 சிங்கப்பூர் வெள்ளி. நம் ஊரில் படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளை இதைவிட அதிகம் எதிர்பார்க்கும். அதே ஆண்டில் ஆண்கள் அணி ஒன்றின் உச்சவரம்பு 12.1 மில்லியன். ஆண்களுக்கு ஆட்டங்கள் மிக அதிகம், தொலைக்காட்சிப் பணமும் அவர்களைச் சுற்றித்தான் வருகிறது, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் 1921லிருந்து நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால், பெண்களுக்குக் கூட்டம் வராது என்பதை யார் எப்போது சோதித்துப் பார்த்தார்கள்? 2024ல் நியூகாசிலில் நடந்த பெண்கள் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டத்துக்கு 25,000 பேருக்கு மேல் வந்தார்கள், நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதும் அந்த ஒரு ஆட்டத்துக்காக மட்டும்.

நாங்கள் நேரில் பார்த்தது சிட்னியின் பாரமட்டாவில். என் சித்தி மகள் டூங்காபியில் இருக்கிறாள், தமிழ்க் கடைகளுக்கும் கோயிலுக்கும் பஞ்சமில்லாத பகுதி, ஆனால் அத்தனை வருடமாக அங்கே இருந்தும் அவள் அந்த அரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை. "அக்கா, சிங்கப்பூர்லேர்ந்து வந்து நீங்க என்னைக் கூட்டிட்டுப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பகுதி அணியான ஈல்ஸின் ஆட்டம். டிவியில் பார்க்கும்போது தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது: சத்தம். தோள் விலாவில் மோதும்போது வரும் சத்தம் மேல் வரிசை வரை கேட்கிறது. விழுத்தப்பட்டவள் ஒரு மூச்சு விடுவதற்குள் எழுந்து பந்தைப் பின்னால் உருட்டிவிட்டிருக்கிறாள், விழுத்தியவர்கள் பத்து மீட்டர் பின்னால் ஓடிப்போய் வரிசை கட்டுகிறார்கள், உடனே மறுபடி முன்னால் வருகிறார்கள். இதையே 70 நிமிடம் செய்ய வேண்டும். நான் ஓட்டத்தைவிட அந்தப் பின்வாங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். களைப்பு முதலில் தெரிவது அங்கே, முழங்கால் உள்பக்கம் சாயத் தொடங்குவதும் அங்கேதான்.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வேலி ஓரமாக வந்து சின்னப் பிள்ளைகளோடு நின்று பேசினார்கள். முன்வரிசையில் ஆடும் ஒருவருக்கு இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையை வைத்துச் சமையலறை பிளாஸ்டிக் உறையால் சுற்றியிருந்தார்கள், நெற்றியில் புல் உரசிய சிவப்பு. என் மகள் தயங்கித் தயங்கி, தான் சிங்கப்பூரில் டச் ஆடுவதாகச் சொன்னாள். அவர் அவளுக்கு ஹாஃபாக நிற்கும்போது கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார், அவசரமே இல்லாமல். கிளம்பும்போது, நாளைக் காலை எட்டரைக்குத் தனக்கு வகுப்பு இருக்கிறது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்றார். ரயிலில் திரும்பும்போது மகள், "மா, அவங்க டீச்சரா, ரக்பி பிளேயரா?" என்றாள். இரண்டும்தான் என்றேன். "ரெண்டுல எது வேலை?" என்று கேட்டாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டு வந்தோம், டூங்காபி ஸ்டேஷன் வந்தும் பேச்சு முடியவில்லை.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குதித்து இறங்கித் திரும்பும் விளையாட்டுகளில் பெண்களுக்கு ஏசிஎல் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். இடுப்பு அமைப்பு, ஹார்மோன், தசை வேலை செய்யும் முறை என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள், ஆனால் என் அனுபவத்தில் பெரிய காரணம் ஒன்று, சின்ன வயதிலிருந்து பையன்களுக்குக் கிடைக்கும் எடைப் பயிற்சி பெண்களுக்குக் கிடைக்காமல் போவது. கிழிந்துவிட்டால் குறைந்தது ஒன்பது மாதம். முதல் சில வாரம் வேலையே முழங்காலை முழுசாக நீட்டுவதும் தொடைத் தசையை எழுப்புவதும்தான். அந்தத் தசை எவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகிறது என்று பார்த்தால் பிள்ளைகளே பயந்துவிடுவார்கள், இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்து காட்டினால் கண் கலங்கும். தொழில்முறை அணியில் இருப்பவளுக்கு இதெல்லாம் வேலை நேரத்தில் நடக்கிறது. தலையில் அடிபட்டு மயக்கம் வந்தால் 11 நாள் ஆடக் கூடாது என்று விதியே இருக்கிறது, அவளாக "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி இறங்கிவிட முடியாது. இப்போது நான் என் பெண் நோயாளிகளின் திட்டத்தாளில் முதல் நாளே, யாரும் கேட்பதற்கு முன்னால், திடலுக்குத் திரும்பும் மாதத்தை எழுதிவிடுகிறேன். அம்மா முகம் மாறும். பிள்ளை அந்த வரியைத்தான் படிக்கும்.

எம்மா டோனகாட்டோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செவன்ஸ் மட்டும் பார்க்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு அவர் பக்கத்தில் இருப்பவர். 2013 உலகக் கோப்பையில் பதினெட்டு வயதில் ஜில்லரூஸ். அந்த நேரத்தில் பெண்களுக்கு முழுநேரச் சம்பளம் தரத் தொடங்கியிருந்தது லீக் இல்லை, ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த செவன்ஸ். எனவே அங்கே போனார். 2016 ரியோவில் நியூசிலாந்தை 24-17 என்று வென்ற இறுதியாட்டத்தில் ஒரு ட்ரை அவருடையது. பிறகு லீகில் பெண்களுக்கு வழி திறந்ததும் டிராகன்ஸுக்குத் திரும்பி வந்து, வந்த முதல் சீசனிலேயே மில்லி பாயிலோடு டாலி எம் விருதைப் பகிர்ந்துகொண்டார். ஒலிம்பிக் தங்கத்தோடு அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் பாதிக் கதையைத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சம்பளம் எங்கே இருக்கிறதோ அங்கே திறமை போகும், இதில் தப்பே கிடையாது. நம் பிள்ளைகள் நல்ல வேலைக்காக லண்டன் போனால் பெருமைப்படுகிறோமே!

என் அம்மாவுக்கு இதெல்லாம் இன்னும் பிடிக்கவில்லை. எழுபது தாண்டியவர், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், யாராவது விழுந்தால் "ஐயோ, பெத்தவ பாத்தா தாங்குவாளா" என்பார். 2025 அக்டோபரில் என்.ஆர்.எல்.டபிள்யூ. இறுதியாட்டம். சீசன் முழுவதும் தோற்காமல் வந்த ரூஸ்டர்ஸை பிரான்கோஸ் 22-18 என்று சாய்த்தது. அந்த அணியில் 35 வயதில் ஆலி. அவருக்கு 35 என்று பேத்தி சொன்னதும் அம்மா, "முப்பத்தஞ்சா? எனக்கு அந்த வயசுல மூணு பிள்ள" என்றார். "அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்காங்க பாட்டி" என்றாள் இவள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு, "அப்ப யாரு பாத்துக்குறா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த மகப்பேறு விதிகளும் சம்பளமும் சங்கமும் எல்லாம். ஆலி 2009ல் ஆட வந்தபோது இவை எதுவும் இல்லை. அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவரைச் சுற்றி, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தொழில் இருக்கிறது என்று தெரிந்து அவர் போகவில்லை. நின்று ஆடிக்கொண்டே இருந்ததால்தான் ஆட்டம் தொழிலாக மாறியது, அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

என் மகள் லீக் ஆட்டக்காரி ஆகப்போகிறாள் என்று நான் கனவு காணவில்லை. சிங்கப்பூரில் அதற்கான வழி கிடையாது, அவளுக்கும் இப்போதைக்கு உயிரியல் பாடத்தின் மேல் ஒரு கண். ஆனால் தமிழ் வீடுகளில் பெண்பிள்ளை விளையாட்டு என்றால் நடனம் இருக்கிறதே, பாட்மின்டன் போதுமே என்று ஒரு எல்லை வைத்திருக்கிறோம். டச் ஆடும் பெண்ணின் கறுத்துப்போன முகத்தைப் பார்த்துக் கல்யாண வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை. பள்ளிகளுக்கிடையிலான பி பிரிவுப் போட்டி முடிந்ததும், ஓ நிலைத் தேர்வு வருகிறது என்று காலணியைக் கட்டி வைக்கச் சொல்கிறோம். ஆஸ்திரேலியாவில் 12 வயதில் செய்ததை நாம் 16ல் செய்கிறோம். தேர்வு முடிந்த பிறகு எந்த அணியில் சேரப்போகிறாய் என்று கேளுங்கள், பெண்களுக்கான டச் அணிகள் இங்கே இருக்கின்றன, வேலைக்குப் போகும் பெண்கள், அம்மாக்கள் எல்லாரும் ஆடுகிறார்கள். எடைப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள், இதை ஒரு பிசியோவாகச் சொல்கிறேன், முழங்காலுக்கு அதைவிட நல்ல காப்பு கிடையாது.

2026 அக்டோபர், நவம்பரில் ரக்பி லீக் உலகக் கோப்பை. பெண்கள் பிரிவில் எட்டு அணிகள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, பாப்புவா நியூகினி, சமோவா, ஃபிஜி, பிரான்ஸ், வேல்ஸ். இறுதியாட்டம் நவம்பர் நடுவில், பிரிஸ்பனில். அதற்குள் உயர்நிலை இரண்டு ஆண்டிறுதித் தேர்வுகள் முடிந்திருக்கும், நான் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம், பிரிஸ்பன் நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால், தூக்கம் கெடாது. டச் ஆடும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், விதிகளை அவளே சொல்லித் தருவாள்.